டைரக்டர் சொன்ன பத்துப் புத்தகங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடாத மழை. ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது, பதினொன்றுக்குப் போனது. கடையில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் பூஞ்சை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். பாதி அலமாரி முடிந்தது. மூக்கு எரிச்சல்.

காலையிலேயே மூன்று பேர், மூன்று பேரும் கேட்டது ஒரே புத்தகம். ஒரு ரஷ்ய நாவலின் பர்மிய மொழிபெயர்ப்பு, இரண்டு பாகம். பல வருடமாக யாரும் தொடாதது. மூன்றாவதாக வந்த பெண்ணிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். போனை நீட்டினாள். பர்மியத்தில்தான் பேசினாள்.

"டைரக்டர் சொல்லியிருக்காரு ஆன்ட்டி. அவரை உருவாக்கின பத்துப் புத்தகம். எல்லாரும் தேடுறாங்க."

படத்தைப் பார்த்தேன். நாகு. நாகலிங்கம். இதே போட்டாதாங் பேட்டையில் அடுத்த தெரு, ரயில்வே ஃபிட்டர் மகன். இன்று பர்மியப் பெயர், மூன்று படங்கள், வெளிநாட்டு விழாக்கள், கழுத்தில் ஒரு துண்டு. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அவன் நாகுதான்.

நாகு புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. இருபது வருடத்துக்கு முன் தினமும் இந்தக் கடைக்கு வருவான், அது உண்மை. மனைவி அம்பிகாவைக் கூட்டிப்போக வருவான். அவள் அலமாரிகளுக்கு நடுவில் நிற்பாள். இவன் ஃபேனுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து பின்னட்டைகளைப் படிப்பான். பின்னட்டை மட்டும். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்பான். வாசலில் போய் வெற்றிலை துப்புவான். அதைக் கழுவுவது நான்.

பத்தில் நான்கு என்னிடம் இருந்தன. வாசல் மேசையில் அடுக்கி வைத்தேன். சாயங்காலத்துக்குள் நான்கும் போயின. அடுக்கும்போதே அருவருப்பு. ஆனாலும் அடுக்கினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். வாங்க வேண்டியவை: நாஃப்தலின் உருண்டை, மெழுகுவர்த்தி, கோந்து, உப்பு.

பட்டியலை நிதானமாகப் படித்தேன். பக்கம் திறப்பதற்குள் போனில் பாதி சார்ஜ் போயிற்று. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஒன்றிரண்டு வரி எழுதியிருக்கிறான்.

ஒன்று, ஒரு பிக்குவின் பயணக் குறிப்புகள். "நடக்கத் தெரிந்தவர் எழுதியது."

மூன்று, சின்ன ஜப்பானிய நாவல். "இதில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பயமே அதில்தான்."

ஆறு, அந்த ரஷ்ய நாவல். "வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறார். பசியை இவ்வளவு அழகாகச் சொல்ல, பசித்தவனால் முடியாது."

மூன்றாவதிலேயே நின்றுவிட்டேன். கதவைச் சாத்துவதில்லை என்று சொன்னது அம்பிகா. இந்த மேசைக்கு முன்னால், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் என் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மறக்குமா? சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். நாகு அப்போது வெளியே துப்பிக்கொண்டிருந்தான்.

பத்தும் அவள் படித்தவை. பத்துக் குறிப்பும் அவள் பேசியவை.

இல்லை, ஒன்பது. ஒன்பதாவதை மறுபடி மறுபடி படித்தேன். அப்படியே மொழிபெயர்க்கிறேன்:

"தமிழில் கையால் எழுதப்பட்ட ஒரு நாவல். அச்சேறவில்லை. பழைய பேப்பர் கடையில் எனக்குக் கிடைத்தது. முதல் பக்கம் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியவில்லை. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண்ணின் கதை. என் அடுத்த படம் இதுதான்."

எழுதியவர் யாரென்று தெரியவில்லையாம்.

இந்தக் கடையின் பின்னறையில், இரண்டு மழைக்காலம், நான்கு பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதினாள். பெயர் 'டிக்கெட் கிழிக்கிறவள்'. வீட்டில் எழுத விடமாட்டான். தமிழில் எழுதினால் யார் படிப்பது என்பான். பெண் குழந்தையிடம் தமிழ் பேசக்கூடாது என்றுகூட அப்போது சட்டம் போட்டிருந்தான். முடித்த அன்று நாங்கள் இருவரும் போய் ஒரு நகல் எடுத்து, நான் துணி முதுகு போட்டுத் தைத்தேன். அடுத்த வருடம் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவனை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேவுக்குப் போனாள். நோட்டுகள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டன.

இரும்பு பீரோவில் தேடினேன். வாப்பாவின் பழைய ரசீதுகளுக்கு அடியில் இருந்தது நகல். ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. முதல் பக்கம் இருக்கிறது. அவள் பெயரும்.

ஆகஸ்ட் 6, புதன்

கடைக்குள் எலி செத்த நாற்றம். எங்கே என்று தெரியவில்லை. ஊதுபத்தி இரண்டு. நாற்றமும் ஊதுபத்தியும் கலந்து இன்னும் மோசம்.

இன்று இருபது பேராவது வந்திருப்பார்கள். முன்பு ஒரு வாரத்துக்கு வருகிற கூட்டம்.

மத்தியானம் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்தார். எப்போதும் வருகிறவர்தான். பெயர் வேண்டாம். பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். ஒன்பதாவது கிடைக்குமா என்று இரண்டு மாணவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் குறுக்கிட்டார்.

"அது கிடைக்காது. நான் மாணவனா இருந்தப்போ படிச்சிருக்கேன். ஒரு தமிழ் நண்பன் வாசிச்சுச் சொன்னான். முன்பாதி அருமை. பின்பாதி கொஞ்சம் தொய்வு."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இவர் மாணவராக இருந்தபோது அம்பிகா பிறந்திருக்கவே மாட்டாள். நான் அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், வேறு.

மூன்று மணிக்கு போன். நாகுவின் உதவியாளன். வெள்ளிக்கிழமை கடையில் ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டுமாம், பட்டியலுக்காக. "சயா வளர்ந்த இடம்" என்றான். இங்கே ஆசிரியரையும் டைரக்டரையும் மதிப்பாகக் கூப்பிடுவது சயா என்றுதான். வளர்ந்த இடமாம். நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஐந்து பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள், எல்லாம் இளசுகள். வாப்பா போன பிறகு இந்தக் கடையில் ஒரே நேரத்தில் ஐந்து பேரை நான் பார்த்ததில்லை. "சரி, வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எலி கிடைத்தது. பரீட்சை கைடுகளின் பின்னால். எடுத்து எறிந்து, பிளீச்சிங் போட்டேன். கையை நான்கு தடவை கழுவினேன்.

மழையால் கூட்டம் குறைவு. அம்பிகாவின் நாவலை ஒரே மூச்சில் படித்தேன். பதினேழு வருடத்துக்குப் பிறகு. டிக்கெட் கிழிக்கும் பெண் ஒவ்வொரு பயணியின் விரல்களை மட்டும் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அந்த விரல்களை வைத்தே நூறு பக்கம்.

பின்பாதி தொய்வுதான். கல்யாணம் வருகிற இடத்திலிருந்து இழுக்கிறது. இதைப் படிக்கவே படிக்காத அந்தப் பொய் ஆசிரியர் எப்படிச் சரியாகச் சொன்னார்? எல்லா நாவலுக்கும் இதையேதான் சொல்லுவார் போல. எரிச்சல் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் வயிற்றிலேயே கிடந்து புளிக்கும்.

பத்து மணிக்கு இரண்டு வண்டி. எட்டுப் பேர். ஜெனரேட்டரும் கொண்டுவந்தார்கள். முதலில் செய்த வேலை, பரீட்சை கைடுகளையும் சமையல் புத்தகங்களையும் எடுத்து நடைபாதையில் வைத்தது. எனக்குச் சோறு போடுவதே அவைதான். அந்த இடத்தில் மேல்தட்டிலிருந்து செல்லரித்த தமிழ்ப் புத்தகங்களை இறக்கி அடுக்கினார்கள். இரண்டைத் தலைகீழாக வைத்தான் ஒருவன். திருப்பி வைத்தேன். மழை நின்றிருந்ததால் ஜன்னல் கண்ணாடியில் பம்ப்பால் தண்ணீர் அடித்தார்கள்.

நாகு வந்தான். உடல் பெருத்திருக்கிறது. ஏதோ வாசனைத் திரவியம், இனிப்பாக, பழம் அழுகுகிற மாதிரி. எல்லாருக்கும் முன்னால் தமிழில் கூப்பிட்டான்.

"ஜைனம்பு அக்கா, சௌக்கியமா இருக்கீங்களா?"

பதினைந்து வருடம் முன்னால் கடைத்தெருவில் நான் தமிழில் கூப்பிட்டபோது காது கேட்காதவன் மாதிரி நடந்து போனவன். இப்போது வெளிநாட்டில் வேர் தேடுகிறவர்களுக்குத்தான் மதிப்பாம். உதவியாளன் பெருமையாகச் சொன்னான், "சயா இப்ப தமிழ் கத்துக்கறாரு" என்று. மறைத்து வைத்திருந்ததை எடுத்துத் தூசி தட்டுகிறான். கற்றுக்கொள்கிறானாம்.

கேமரா ஓடியது. ஒரு புத்தகத்தை எடுத்தான். கண்ணை மூடி மோந்து பார்த்தான். "மறுபடி, இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றார்கள். மறுபடி மோந்தான். ஐந்து தடவை. திங்கட்கிழமை நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த புத்தகம் அது. ஸ்பிரிட்டைத்தான் மோந்திருப்பான்.

அவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரம் பின்னறைப் பக்கம் நிறுத்திக் கேட்டேன்.

"ஒன்பதாவது யாரு எழுதினது நாகு?"

"அதான் போட்டிருக்கேனே அக்கா. பழைய பேப்பர் கடையில கெடச்சது."

"முதல் பக்கம்?"

"இல்லாமத்தான் கெடச்சது."

என் கண்ணைப் பார்த்தே சொன்னான். தடுமாறவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க கடைக்கு இப்ப நல்ல கூட்டம் வருதுன்னு சொன்னாங்க. சந்தோஷம்" என்றான். அவ்வளவுதான். மிரட்டல் மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை.

பிறகு என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். முக்காட்டைச் சரிசெய்தாள் ஒரு பெண். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொன்னேன்.

"சின்ன வயசுலேருந்தே இங்கதான் இருப்பாரு. அந்த மூலையில உக்காந்து படிப்பாரு. கடை பூட்டற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு."

சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

போகும்போது கைடுகளை உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஜன்னலில் அடித்த தண்ணீர் வழிந்து நடைபாதையில் பாதி நனைந்துவிட்டது. நானே சுமந்தேன். மத்தியானச் சோறு இறங்கவில்லை. சட்டியோடு மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையிலேயே படம் வெளியாகிவிட்டது. கடையில் நிற்க இடமில்லை. பெண்பிள்ளைகள் அந்த மூலையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். "இங்கதான் உக்காந்து படிச்சாரா?" என்று கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன். பேசினால் பொய், தலையாட்டினால் பொய் இல்லையா?

நாளைக்கு த்வாண்டே போவேன். அம்பிகாவிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் முடியாது. அவளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடை அடைப்பு. காலை ஃபெர்ரியில் எதிர்க்கரையில் இருக்கும் தலா ஊர், அங்கிருந்து வேனில் முக்கால் மணி நேரம். ஆற்றில் குப்பை, செத்த நாய் ஒன்று மிதந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நேந்திரம்பழம் சாப்பிட்டாள்.

அம்பிகா கால்வாய் ஓரத்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். பக்கத்துக் கொட்டகையில் பானைகள் காய்கின்றன. முடி பாதி நரை, கண்ணாடி தடித்திருக்கிறது. என்னைக் கண்டதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டாள்.

"நீ வருவேன்னு தெரியும். படம் பாத்தேன்."

உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லாத்தான் சொன்னே," என்றாள். "கடைசியில சிரிச்சே பாரு, அதுதான் உனக்கு வரலை."

"என்னைய ரெண்டு அறை அறைஞ்சிடு அம்பிகா."

"அறைஞ்சா உனக்கு நிம்மதியாயிடும். எனக்கு என்ன?" என்று சொல்லி அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

ஒன்பதாவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

"தெரியும். நானே எழுதிக் கொடுத்ததுதான்."

பிறகு அவள் சொன்னது. பட்டியல் வருவதற்கு ஒரு மாதம் முன் அந்த உதவியாளன் ஒரு தாளோடு வந்தானாம். தாளில் இருந்தது இதுதான்: அந்த நான்கு நோட்டுகளில் எனக்கு உரிமை இல்லை, எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, வேறு பிரதி எதுவும் கிடையாது. கீழே கையெழுத்து. போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மகளுக்காக. மீனாவுக்கு இருபத்து மூன்று. மிங்கலாடோனில் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை, தோழிகளோடு வாடகை அறை. அந்த வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க இளவட்டங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், பெண்கள் பெயரையும். எடுப்பார்களா மாட்டார்களா, யாருக்கும் தெரியாது. நாகு படவேலையாக ஆறு பேரோடு பாங்காக் போகிறான். அழைப்புக் கடிதம் இருக்கிறது. அதில் ஒரு பெயர் சேர்க்கலாம்.

"சொந்தப் பொண்ணைக் கூட்டிப்போறதுக்குக் கையெழுத்தா?"

"அப்படிக் கேக்கலை அவன். போன்ல பேசினான். 'மீனா பேரையும் போட்டுடலாம், நீயும் கொஞ்சம் ஒத்துழைச்சா நல்லாருக்கும்'னான். கல்யாணமாகி இருந்த காலத்துல அவ்வளவு மரியாதையா பேசினதே இல்லை."

"மீனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா போகமாட்டா."

வெறும் டீயைக் குடித்தேன். நாக்கில் ஒட்டவில்லை. பெற்ற பிள்ளையைத் தராசில் வைத்திருக்கிறான். அதற்கு மறுதட்டில் இவள் இரண்டு மழைக்காலம் எழுதியது.

"உன்கிட்ட அந்த நகல் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மெதுவாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இருக்கு."

"முழுசாவா?"

"முழுசா. ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கு. எழுத்துல படலை. வியாழக்கெழமை படிச்சேன்."

கால்வாயில் மண் ஏற்றின படகு ஒன்று போனது.

"எப்படி இருந்தது?"

பொய் சொல்லிச் சொல்லி வாய் நாறிப்போயிருந்தது எனக்கு. "முன்பாதி மாதிரி நான் எங்கயும் படிச்சதில்லை. கல்யாணத்துக்கப்புறம் இழுக்குது" என்றேன்.

அம்பிகா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை.

"பதினேழு வருஷமா யாராவது சொல்லுவாங்கன்னு காத்திருந்தேன். எனக்கும் அங்கதான் சந்தேகம்."

நான் வெளியில் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "மீனா போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் தொறக்காதே. வேற பிரதி இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அவன் காதுல விழுந்தா கடிதத்துலேருந்து பேரை அடிச்சிடுவான்."

சத்தியம் செய்தேன். ஃபெர்ரியில் திரும்பி வரும்போது யாரோ போனில் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டது. எழுந்து மறுபக்கம் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பொய் ஆசிரியர் மறுபடி வந்தார். ஒன்பதாவது நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறாராம். நகல் இருக்கும் பீரோவின் மேல் சாய்ந்துகொண்டே சொன்னார். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். வலது பக்கம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மீனா போகிற நாள். அம்பிகா என்னையும் வரச் சொன்னாள், தனியாக நிற்க முடியாது என்று. மிங்கலாடோன் விமான நிலையம். தூறல். உள்ளே விடமாட்டார்கள், வாசல் வரைதான்.

மீனா ஒரு பை, ஒரு ஸ்வெட்டர். அம்மாவின் அதே நெற்றி. தமிழ் புரியும், பேசினால் பாதி பர்மியம். "ஜைனம்பு ஆன்ட்டி, அம்மாவைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் தமிழில் சொன்னாள். பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பாள்.

நாகுவின் கூட்டம் வந்தது. உதவியாளன் கையில் கேமரா, ஓடிக்கொண்டிருந்தது. கூடவே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். நாகு அம்பிகாவைப் பார்த்தான். ஒரு நொடி. பிறகு அந்த இருவரிடமும் திரும்பிப் பர்மியத்தில் சொன்னான், உதவியாளன் அவர்களுக்கு மொழிபெயர்க்க:

"இவங்க மீனாவோட டீச்சர். த்வாண்டேலேருந்து வழியனுப்ப வந்திருக்காங்க. வாங்க சயாமா."

டீச்சரம்மா என்று கும்பிட்டான். பெற்றவளை.

அம்பிகா பதிலுக்குக் கும்பிட்டாள். என் நகம் என் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீனாவின் பெயரும் இருக்கும் அந்தக் கடிதம் அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீனாவுக்குக் கேட்டிருந்தது. அவள் பையை வைத்துவிட்டு, ஈரத் தரையில், அத்தனை பேர் நடுவே, முழங்காலிட்டு அம்மாவின் காலடியில் நெற்றியை வைத்து வணங்கினாள். மூன்று தடவை. இங்கே ஆசிரியருக்கும் அப்படித்தான் செய்வார்கள், பெற்றவர்களுக்கும் அப்படித்தான். வெளிநாட்டுக்காரர்கள் உருகிப்போனார்கள். நாகு உதவியாளனைப் பார்த்துக் கண்ணால் காட்டினான், இதை எடு என்று. எடுத்தான்.

கண்ணாடிக்கு அப்பால் கவுன்ட்டரில் மீனாவை மட்டும் நிறுத்தினார்கள். தாளைப் புரட்டினார்கள். யாரையோ கூப்பிட்டார்கள். நாகு திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அம்பிகா என் தோளைப் பிடித்திருந்த இடம் இன்னும் வலிக்கிறது. கடைசியில் விட்டார்கள்.

டாக்சியில் அவள் அழவில்லை. மீனா முழங்கால் ஈரமாகவே ஏறியிருப்பாள், சளி பிடிக்கும் என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, சனி

போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்பிகா செய்தி அனுப்பினாள். இன்னும் அவனோடுதான் இருக்கிறாள், அதனால் பொறு என்றும்.

விமான நிலையத்தில் எடுத்ததை நாகு அதற்குள் போட்டுவிட்டான். தலைப்பு: 'குருவை வணங்கும் நம் மரபு'. அம்பிகாவின் முகம் தெரிகிறது. கீழே ஆயிரம் கைகூப்பல்கள். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜுரம். கடை திறக்கவில்லை. கஞ்சி, மாங்காய் ஊறுகாய். யாரோ வந்து ஷட்டரைத் தட்டி, "டைரக்டர் கடை இதானே?" என்று கேட்டார்கள். இது என் வாப்பா கடை. பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்பிகா போன் செய்தாள். குரல் வேறு மாதிரி.

"மீனா பேசினா. அவனோட இல்லையாம் இப்ப."

"என்னாச்சு?"

"போன மூணாம் நாளே சொல்லிட்டுக் கெளம்பிட்டா. கூடத் தைச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு அங்க இருக்காங்களாம். அவங்க அறையில தங்கியிருக்கா. சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுறா. என்கிட்ட சொல்லத் தைரியம் வரலைன்னா."

"ஏன் கெளம்பினாளாம்?"

"'டீச்சர்னு சொன்னாரே, அங்கயே முடிவு பண்ணிட்டேம்மா'ன்னா. கும்பிடும்போதே பண்ணிட்டாளாம்."

நோட்டுகள், கையெழுத்து எல்லாவற்றையும் அம்பிகா மகளிடம் சொல்லிவிட்டாளாம். மீனா, எனக்குத் தமிழ் படிக்க வராதே, யார் எனக்கு வாசித்துக் காட்டுவது என்று கேட்டாளாம்.

"நீ சத்தியத்துலேருந்து விடுதலை" என்றாள் அம்பிகா. "நகல் போட்டு எல்லாருக்கும் குடு."

"வம்பு பண்ணுவான். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே."

"பண்ணட்டும். பொய்யில கையெழுத்துப் போட்டேன்னு நானே சொல்லிக்கறேன். நீயும் நீ சொன்னதைச் சொல்லு."

சொல்ல வேண்டும். மேசையில் ஒரு அட்டை எழுதி வைத்தேன், பர்மியத்திலும் தமிழிலும்: 'அந்த மூலையில் டைரக்டர் படித்ததில்லை. நான் சொன்னது பொய். ஜைனம்பு.' கூட்டம் போய்விடும். அந்தப் படத்தில் என் முகம் இனிமேலும் பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கும், அட்டை அதை அழிக்காது.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில். அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் ஒன்றும் வாங்காமல் போனார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். உதவியாளன் பதினொன்றுக்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான், எடுக்கவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு மூலையில் இருக்கிற நகல் கடைக்குப் போனேன். துணி முதுகைப் பிரித்துத் தாள்களைத் தட்டிச் சமப்படுத்தினேன். கடைக்காரர் பர்மாக்காரர், வயதானவர், எழுத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"நாவல். தமிழ்."

"யாரு எழுதினது?"

முதல் பக்கத்தை எடுத்து, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன்.

"டோ அம்பிகா," என்று மரியாதை சேர்த்துத் திருப்பிச் சொன்னார். சரியாக வந்ததா என்று என்னைப் பார்த்தார். சரி என்றேன்.

"எத்தனை வேணும்?"

கரண்ட் போக ஒரு மணி நேரம் இருந்தது. முடிகிற வரைக்கும் போடுங்கள் என்றேன்.